சிவப்பு ஜேக்

சோப்புத்தூள் போடுவதற்கு முன்பே எண்ணெய் போய்விட்டது. வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டிருந்த தாமரை, பிரித்த பொட்டலமும் கையுமாகத் தண்ணீருக்குள் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கார்த்திகேசுவின் சட்டை. நேற்று ரிப்பேருக்குத் தூக்கியிருந்த ஸ்கூல் வேன் அவர் மேல் இறங்கியபோது போட்டிருந்தது. பரிசோதனையெல்லாம் முடித்து இன்று காலை அவரைப் பெட்டியில் வைத்து அனுப்பிய ஆஸ்பத்திரிக்காரர்கள், இதையும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கொடுத்திருந்தார்கள்.

"ஏன்டி, பொணம் நடு வீட்டுல கெடக்குது. நீ இங்க உக்காந்து துணி தொவைக்கிறியா? சனங்க பாத்தா என்னா பேசும்?" அடுப்படி வாசலில் நின்று அவளுடைய அம்மா இராஜம்மா அடிக்குரலில் கத்தினாள். "அத குப்ப தோங்ல போடுன்னு சொன்னேன்ல?"

"வரேன்மா. நீ போ."

"கோடி போடற நேரம் வந்துருச்சு. தம்பி சேல வாங்கிட்டு வந்துட்டான், தெரியும்ல? நல்ல சேல."

இராஜம்மா போகிற போக்கில் மேசைமேல் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்திருந்த மீகூன் சேமியாப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதுதான். அழுகிறார்கள், மூக்கைச் சிந்துகிறார்கள், அதே கையால் மீகூனைப் பிரிக்கிறார்கள். கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் மேரு ரோட்டு வாகன ஜாமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். உறுமி மேளக்காரப் பையன்கள் ஒரு சினிமாப் பாட்டை அடித்து முடித்துவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஊதுபத்தி, ரோஜா மாலை, யாரோ அடித்துவிட்ட வாசனை ஸ்ப்ரே, எல்லாம் கலந்து ஒரு கருமம் பிடித்த நாற்றம் வீடு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

அவள் மறுபடியும் சட்டையைப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனின் சட்டைகளைத் துவைக்கிறவள் அவள். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு, கார்த்திகேசு வொர்க்‌ஷாப் நடத்திவந்தார். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஜேக்கில் ஊற்றுகிற ஆயில் எதுவும் தண்ணீருக்கு மசியாது. சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, தூளைக் கொட்டி, பிரஷ்ஷால் தேய்த்துக் கை ஓய்ந்தாலும் கறை நின்று பல்லிளிக்கும். பிரேக் ஆயில் மட்டும்தான் வெறும் தண்ணீரில் ஓடிப்போகும். பிரேக் வேலை பார்த்த நாளில் தாமரைக்குக் கொண்டாட்டம். "இன்னிக்கு சட்டை என்ன தொந்தரவு பண்ணாது" என்பாள். "அப்ப தினமும் பிரேக் போன வண்டியா வரட்டும்னு சாமிகிட்ட கேளு" என்பார் அவர்.

நேற்று அவர் பார்த்தது கியர்பாக்ஸ். பிரேக்கைத் தொடவே இல்லை. அந்த வேனில் பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பிறகு சட்டையின் வலது தோளிலிருந்து முதுகுவரை ஊறியிருந்தது எங்கிருந்து வந்தது?

சட்டையை வெளியே எடுத்தாள். தோள்பட்டையில் அகலமாகச் சிவப்பு. காலையில் பையைப் பிரித்தபோது இரத்தம் என்று நினைத்துத்தான் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் அமுக்கினாள். இப்போது நகத்தால் சுரண்டினாள். பிசுபிசுவென்று நகத்துக்குள் ஏறிக்கொண்டது. இரத்தமில்லை. பெயிண்ட்.

நேற்று வேனுக்கு அடியிலிருந்து அவரை இழுத்தபோது வராத குமட்டல், இந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு வந்தது.

பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். வாடிக்கையாளர் காரில் ஒரு துளி சிந்திவிட்டால் போதும், கார்த்திகேசு குதித்துக்கொண்டு ஓடித் தண்ணீர் ஊற்றுவார். வொர்க்‌ஷாப்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்த சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய தம்பி யுகேந்திரன் புதுப்பித்துக் கொடுத்த ஜேக்.

சட்டையை வாளியிலேயே போட்டுவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து வொர்க்‌ஷாப்புக்குள் போனாள். வேனை நேற்றே தீயணைப்பு பொம்பாக்காரர்கள் தூக்கி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் யாரோ மரத்தூள் கொட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அந்த ஜேக் நீட்டிப் படுத்திருந்தது. போலீஸ்காரர் ஒருவர் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, "எக்சிடென்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஜேக்கை யாரும் தொடவில்லை.

பழைய ஜப்பான் சாமான். நான்கு சக்கரம், நீளக் கைப்பிடி, ஒரு ஆளால் எளிதில் தூக்க முடியாத இரும்பு. கார்த்திகேசு வேலை பழகிய கடையின் முதலாளியான தவ்கே கடையை மூடியபோது இவருக்குக் கொடுத்தது. கொஞ்ச காலமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. தூக்கிய வண்டி அரை மணியில் தானாகவே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது, அந்த அளவு இப்போது கிடைப்பதில்லை என்று சொல்லி, சாக்கைப் போர்த்தி மூலையில் போட்டுவைத்திருந்தார்.

போன தீபாவளிக்கு முன்னால் யுகேந்திரன் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனான். "மாமா பர்த்டேக்கு புதுசு மாதிரி ஆக்கித் தரேன்கா, பாரு" என்றான். செராஸில் கைப்பேசிக் கடையில் வேலை. மிச்ச நேரத்தில், துருப்பிடித்த சாமான்களைப் பளபளக்க வைத்து வீடியோ போடுகிற பைத்தியம். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரத்தச் சிவப்பில் பெயிண்ட் அடித்து, கைப்பிடிக்குக் குரோமியம் பூசி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தான். அதைப் பார்த்துக் கார்த்திகேசு வாயெல்லாம் பல்லாக நின்றதை வீடியோ எடுத்தான். அங்கே நின்ற ஒரு வேனைத் தூக்கிக் காட்டச் சொன்னான். தூக்கிக் காட்டினார். "ஒரு இன்ச் எறங்கல பாத்தியா?" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன்.

தாமரை குனிந்தாள். ஜேக்கின் நடுவயிற்றில், உருளை இருக்கும் இடத்தில், சிவப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பித் தோலாக உரிந்து தொங்கியது. விரலை வைத்தாள். மேலே வந்தது சேறு மாதிரியான சிவப்பு. முகர்ந்துபார்த்தாள். பிரேக் ஆயிலின் அதே தித்திப்பான மருந்து நாற்றம். த்தூ என்று பக்கத்தில் துப்பினாள்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அவனுடைய பக்கத்தைத் திறந்தாள். பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது. துருப்பிடித்த சைக்கிள் இருந்தது. இறைச்சி வெட்டும் கத்தி இருந்தது. ஜேக் வீடியோவைக் காணோம். முந்தாநாள்வரை இருந்தது, அவளே யாருக்கோ போட்டுக் காட்டியிருக்கிறாள். இரவோடு இரவாக அழித்திருக்கிறான். ஒன்றும் தெரியாதவன் ஏன் அழிக்க வேண்டும்?

கதவுப் பக்கம் காலடி கேட்டது. யுகேந்திரன்தான். கறுப்புச் சட்டை, தலை கலைந்து, அழுது வீங்கிய முகம். கையில் கார்ச் சாவி.

"இங்கயா இருக்க அக்கா? ஒன்னத்தான் தேடறாங்க." அவன் கண் தாமரையிடம் நிற்காமல் ஜேக்குக்குப் போயிற்று. "இத நான் எடுத்துட்டு போயிடறேன்கா. கார் பின்கதவ தொறந்து வச்சிட்டுதான் வந்தேன். இங்க கெடந்தா நீ பாத்துப் பாத்து அழுவ. வேணாம்லா."

"என்னா ஆயில் ஊத்தின?"

"ஆ?"

"இதுல. என்னா ஆயில் ஊத்தின?"

"ஜேக் ஆயில்தான்கா. வேற என்னா ஊத்துவாங்க?"

தாமரை சிவப்பு ஒட்டியிருந்த விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மோந்து பாருடா."

அவன் பார்க்கவில்லை. கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"சீல் கெடைக்கலக்கா," என்றான் கடைசியில். "கிள்ளான்ல கேட்டேன், ஜாலான் ஈப்போவுல கேட்டேன். அந்த சைஸ் இல்ல, ஆர்டர் போடணும், லேட் ஆகும்னுட்டாங்க. மாமா பர்த்டே வந்துருச்சு. பழைய சீலையே தொடச்சி போட்டேன். ஒழுகிச்சி. ஒரு அங்கிள் கமெண்ட்ல சொன்னாரு, பிரேக் ஆயில் ஊத்தினா ரப்பர் ஊதிக்கும், ஒழுகறது நின்னுரும்னு. நின்னுச்சுக்கா! சத்தியமா நின்னுச்சு. நீயும்தான பாத்த?"

"ஊதின ரப்பர் அப்பறம் என்னா ஆவும்?"

அவன் சாவியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"கொழகொழன்னு போயிரும். ஒம் மாமா காதுல விழுந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு. அவருகிட்ட சொன்னியா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். சீல் வந்தோன மாத்திட்டு சொல்லலாம்னு..."

"அந்த ஸ்டாண்ட் எங்கடா?"

அவன் முகம் இன்னும் கறுத்தது. ஜேக் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் உட்காரவைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். அந்த ஸ்டாண்டுகளை, ஜேக்குக்கு ஜோடியாகச் சிவப்பு அடித்துத் தருகிறேன், அடுத்த வீடியோவுக்கு ஆகும் என்று போன வாரம் இவன்தான் வாரிக்கொண்டு போயிருந்தான். இன்னும் அவன் வீட்டுப் பால்கனியில் கிடக்கின்றன. கார்த்திகேசுமீதும் அவளுக்கு ஆத்திரம்தான். ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதீர்கள் என்று சொன்னதற்கு, "ரெண்டு போல்ட்டுதான், நம்ம யுகேன் ஜேக்கு, எறங்காது" என்று சிரித்துக்கொண்டே நுழைந்த மனுஷன் அவர். பெட்டிக்குள் படுத்திருப்பவரைத் தட்டி எழுப்பி நான்கு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிறாதக்கா," யுகேந்திரன் அவள் கையைப் பிடித்தான். "வேணும்னு செஞ்சனா? மாமா எனக்கு அப்பா மாதிரிக்கா. அம்மாக்கு தெரிஞ்சா செத்துருவா. பெரிய மாமாக்கு தெரிஞ்சா என்ன உள்ள தள்ளிருவாரு. இனி நீ எங்கூடதான இருக்கப் போற? ஒன்ன ராணி மாதிரி பாத்துக்கறேன்கா."

தாமரை கையை உருவிக்கொண்டாள். அவன் கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது, தொட்ட இடத்தைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. இதே கைக்கு அவள் சோறு ஊட்டியிருக்கிறாள். அப்பா செத்தபோது அவன் சின்னப் பையன். இந்த வீட்டில்தான் வளர்ந்தான், இந்த வொர்க்‌ஷாப்பில்தான் ஸ்பேனர் பிடிக்கப் பழகினான். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவன்தான் பிள்ளை. தப்பு செய்தான் என்பதைக்கூட அவள் எங்கேயாவது போட்டு அடைத்துவிடுவாள். செய்துவிட்டு, வீடியோவை அழித்துவிட்டு, காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, உனக்காகத்தான் என்று வந்து நிற்கிறானே, அதுதான் அருவருப்பாக இருந்தது.

"வெளிய போ," என்றாள். அவன் போனதும் ரோலர் கதவை இழுத்துவிட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

நடு வீட்டில் கூட்டம் நெருக்கியது. கார்த்திகேசு பெட்டிக்குள் கோட்டுச் சூட்டில் கிடந்தார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அதைப் போட்டதில்லை. முகத்தில் பவுடரை அப்பியிருந்தார்கள். தலைமாட்டில் நின்ற தம்புசாமி, கார்த்திகேசுவின் அண்ணன், இவர்களுக்குப் பெரிய மாமா, ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர், மின்சுடலைக்குப் போகும் நேரத்தை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி வாங்கப்பா!" என்று குரல் கொடுத்தார் சடங்கு நடத்திய பண்டாரம்.

தாமரையைக் கொண்டுவந்து கால்மாட்டில் நிறுத்தினார்கள். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. தாலி அறுக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஆண் வந்து புதுச் சேலை போர்த்த வேண்டும். புருஷன் போனாலும் நாங்கள் இருக்கிறோம் என்று ஊர் பார்க்கச் சொல்வது அது. போர்த்துகிற கைதான் இனி அவளுக்குச் சோறு போடுகிற கை. நேற்று ராத்திரியே எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். காரியம் முடிந்ததும் தாமரை செராஸுக்குத் தம்பி வீட்டுக்குப் போவது, வொர்க்‌ஷாப்பை வாடகைக்கு விடுவது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. வேறு எங்கே போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளுக்கு இருப்பது அம்மாவும் அவனும்தான். வேண்டாம் என்றால் அப்புறம் யாரும் இல்லை.

யுகேந்திரன் முன்னால் வந்தான். நீட்டிய இரண்டு கைமேலும் வெங்காயச் சருகு நிறத்தில் பட்டுச் சேலை. கடைக் கஞ்சி மடிப்பு கலையவில்லை. பின்னால் இராஜம்மா ஒப்பாரியை எடுத்தாள். கூடவே நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அவன் சேலையை விரித்து அவள் தோள்வரை கொண்டுவந்தபோது, தாமரை ஒரு அடி பின்னால் போனாள்.

"சொல்லிட்டு போடு," என்றாள்.

ஒப்பாரி தடுமாறியது. "என்னாடி?" என்றாள் இராஜம்மா.

"அவனுக்கு தெரியும். உள்ள எங்கிட்ட சொன்னத இவர் மூஞ்சப் பாத்து சொல்லட்டும். சொல்லிட்டு போடட்டும். நான் வாங்கிக்கறேன்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை, இந்தப் பெட்டிக்கு முன்னால் அவன் வாயிலிருந்து வந்துவிட்டால், குமட்டலை விழுங்கிக்கொண்டு அந்தச் சேலைக்குள் நுழைந்துவிடலாம். அவன் வாயையே பார்த்தாள். வாய் திறந்தது. யுகேந்திரன் பெட்டியைப் பார்த்தான், தம்புசாமியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பிறகு வாய் மூடிக்கொண்டது.

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்கக்கா," என்று முணுமுணுத்தான். "போட்டுக்கக்கா. ப்ளீஸ்லா."

தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? குடு, நான் போடறேன்!" இராஜம்மா பாய்ந்து வந்து சேலையின் நுனியைப் பிடித்தாள். தாமரை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"கட்டியிருக்கற சேல போதும்மா."

"யாரும் இல்லாத அனாத மாதிரி நிக்கப் போறியாடி?"

தம்புசாமி போனை மூடிவிட்டு அவளையும் யுகேந்திரனையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோலவும் புரியாததுபோலவும் இருந்தது அவர் முகம்.

"என்னாமா விசயம்?"

"வொர்க்‌ஷாப்ப பூட்டிட்டேன் பெரிய மாமா. உள்ள இருக்கற ஜேக்க யாரும் தொடக் கூடாது. அவரக் கொண்டு போயிட்டு வந்தோன நீங்களும் நானும் போலீஸ் பாலாய்க்கு போவோம். போலீஸ்காரங்க அத ஒழுங்கா பாக்கல." இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இப்ப தூக்கச் சொல்லுங்க. வெயில் ஏறுது."

தம்புசாமி பண்டாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டியை மூடினார்கள். வெளியே உறுமி எழுந்தது. முன்பக்கப் பிடிகளைத் தம்புசாமியும் அவர் மகனும் பிடித்தார்கள். பின்னால் ஒரு பிடியை ஸ்கூல் வேன்காரர் பிடித்தார். இன்னொரு பிடி மச்சான்காரனுக்கு உரியது.

"யுகேன், வாய்யா. பிடி," என்று கூப்பிட்டார் யாரோ.

யுகேந்திரன் வந்தான். ஆனால் கைநிறையச் சேலை. கோடியைத் தரையில் வைக்கக் கூடாது. அவன் அதை அம்மாவிடம் நீட்டினான். இராஜம்மா மகளைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினான். அவள் நகர்ந்தாள். யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குள் மற்ற மூன்று பேரும் தூக்கிவிட்டார்கள். பிடிக்க ஆளில்லாத மூலை சரிந்து பெட்டி சாய்ந்தது.

"ஏய், பாத்து, பாத்து!"

தாமரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஈர முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, அந்தப் பிடிக்குள் கையைக் கொடுத்தாள். பொம்பளை தூக்குவதா என்று எங்கோ ஒரு குரல் எழுந்து அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். பெட்டி நேரானது.

"நடங்க," என்றாள்.

வாசல் குறுகல். யுகேந்திரன் சேலையோடு சுவரில் ஒட்டி நின்று வழிவிட்டான்.